சாமி மேடையில் வைத்த மூக்கு மருந்து

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஜொகூர் பாருவில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பதினான்கு பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் இரண்டு பள்ளிகளில் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றி வருவது என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். என் கையால் அந்த வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பின்பக்கம் இருக்கிற இரண்டும் என் வீட்டுக்காரர் ரிவர்ஸ் எடுத்தபோது விழுந்தவை. யாராவது கேட்டால் நானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி விளக்குவேன்.

இந்தப் பெருமைக்கு உலை வைத்தது என் மூக்கு. தும்மல் எல்லாருக்கும் வரும். எனக்கு வருவது ஒன்று இரண்டு இல்லை. பத்து, பன்னிரண்டு, சில நாள் பதினெட்டு, மூச்சு விட நேரம் தராமல் தொடர்ந்து வரும். பிறகு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அண்ணத்தில் யாரோ இறகால் தடவுவது போல ஒரு தினவு. கண்ணை மூடாமல் தும்ம முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு நொடி நான் குருடி, பின்னால் பதினான்கு பிள்ளைகள்.

மூக்கு நமைக்க ஆரம்பித்ததுமே சிக்னல் போட்டு ஓரம் கட்டிவிடுவேன். காலை ஆறு மணிச் சாலையில் ஒரு வேன் ஓரம் கட்டினால் பின்னால் வருகிறவன் சும்மா போவானா? ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவான். பிள்ளைகள் என் தும்மலைக் கூட்டமாக எண்ணுவார்கள். பள்ளிக்குத் தாமதமாகும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் மரியாதையாகத்தான் கேட்பார், இன்றைக்கும் லேட்டா என்று. அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும்.

கிளினிக்குக்குப் போனேன். மூன்று நிமிஷம் பார்த்தார்கள். அலர்ஜி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். தும்மல் நின்றது, நான் தூங்கிவிட்டேன். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தூங்கிவிட்டேன். மத்தியானம் பள்ளி வாசலில் வேனை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தவள், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தது கூட நினைவில்லை. கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தேன். வெளியே வெயிலில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள், காவலாளி என் முகத்தையே பார்க்கிறார். அது ஓடிக்கொண்டிருந்த வேனாக இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்றைக்குப் பிடித்தது, பல வாரம் விடவில்லை.

மறுபடி போய் வேறு மாத்திரை வாங்கினேன். பெட்டியில் தூக்கம் வராது என்று எழுதியிருந்தது. என் தலை அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. தும்மினால் கண் மூடுகிறது, மாத்திரை போட்டால் ஆளே மூடிப்போகிறேன். எனக்குள் ஒரு முடிவு செய்தேன். இந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் மூக்கு அடங்கவில்லை என்றால் வேனை விட்டுவிடுவது, பிள்ளைகளைப் பக்கத்துத் தாமானில் ஓட்டுகிற இன்னொரு அம்மாவிடம் ஒப்படைப்பது. அந்த அம்மாவிடம் ஜாடையாகப் பேசியும் வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மனுஷர், சாயங்காலம் வந்தால் பேசுகிற நிலையில் இருக்க மாட்டார். அதைவிட, சொன்னால் அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரியும். எனக்கு அந்த வேன் அவ்வளவு பிடிக்கும்.

ஹோமியோபதி என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி சொன்னபோது நான் சிரித்தேன். சீனி உருண்டையைச் சப்பி என் மூக்கு அடங்குமா? ஆனாலும் தீபாவளி முடிந்த வாரம், பட்டாசுப் புகையெல்லாம் சேர்ந்து என்னைப் புரட்டிப் போட்டிருந்த நிலையில், போனேன். கடை வரிசையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், தமிழ் முஸ்லிம் பெண். குடும்பம் பரம்பரையாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது, இவர் மட்டும் மருந்துப் பக்கம் போய்விட்டாராம். நான் டாக்டர் என்று கூப்பிட்டேன். உடனே திருத்தினார். தான் டாக்டர் இல்லை, ஹோமியோபதி பார்ப்பவர், அப்படிக் கூப்பிட்டால் தப்பு என்றார். பட்டத்தைக் கொடுத்தும் வாங்காத ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் எனக்குத் தங்கச்சி, நான் அவருக்கு அக்கா.

கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் கேட்டார். தும்மல் எத்தனை மணிக்கு வரும்? விடிகாலை ஆறை ஒட்டி. எந்தப் பக்கத் துவாரம் முதலில் நமைக்கும்? இடது. ஒழுகுகிற நீர் எரியுமா, எரியாதா? தாகம் எடுக்குமா? வெந்நீர் இதமா, குளிர்ந்த தண்ணீரா? கோபம் வந்தால் கூடுமா? இதற்கு, உங்கள் கேள்விகளால் இப்போதே கூடுகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டில் எழுதினார். பாதியிலேயே என் எரிச்சல் குறைந்துவிட்டது. இடது துவாரம்தான் முதலில் என்பது எனக்குத் தெரியும் என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் மூக்கைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

மருந்தின் பெயர் லூஃபா என்றார். என்ன செடி என்று கேட்டேன். தென்னமெரிக்கப் பக்கம் படர்கிற ஒரு கொடி, நம்ம பீர்க்கங்காய்க்குச் சொந்தம், காய் சின்னது, வாயில் வைக்க முடியாத கசப்பு. அதை மூக்கில் இழுத்தால் நீராகக் கொட்டுமாம். அதனால் அதே மாதிரி கொட்டுகிறவர்களுக்கு அதையே கரைத்து, கரைத்ததை மறுபடி கரைத்து, மிச்சம் இருக்கிறதா என்று தெரியாத அளவில் கொடுப்பார்களாம். பீர்க்கங்காயா என்று நான் இழுத்தேன். பாசாரில் கூறுகட்டி விற்கிறதை வாங்கி வாரத்துக்கு இரண்டு முறை கூட்டு வைக்கிறவள் நான். அது என் மூக்கை ஒன்றும் செய்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. “நெறைய பேரு இத நம்ப மாட்டாங்கக்கா. நீங்க நம்பணும்னு இல்ல. ஆனா தெனமும் எழுதுங்க” என்று ஒரு புது நோட்டை என் கையில் கொடுத்தார். எத்தனை தும்மல், எப்போது, அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் எழுத வேண்டும். மூச்சு இழுத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ தன்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பிறகு பத்தியம். உருண்டையை நாக்குக்கு அடியில் வைத்துத் தானாகக் கரைய விட வேண்டும். முன்னும் பின்னும் கால் மணி நேரம் வாயில் எதுவும் கூடாது. காப்பி கூடாது, புதினா கூடாது, தைலம் கூடாது, கற்பூரம் கூடாது, கடுமையான வாசனை எதுவுமே மருந்தை முறித்துவிடும்.

நான் ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டேன். தலைவலித் தைலத்தைத் தூக்கி வீட்டுக்காரரின் வேலைப் பையில் போட்டேன். பற்பசையில் புதினா இருக்கிறதே என்று பிள்ளைகள் தேய்க்கிற ஸ்ட்ராபெரி பற்பசை வாங்கினேன். வேனில் தொங்கிய எலுமிச்சை வாசனை டப்பாவைக் கழற்றி எறிந்தேன், பின்சீட்டுக்குப் பின்னால் வாசனைக்காகக் கட்டி வைத்திருந்த பாண்டான் இலைக் கொத்தையும் எறிந்தேன். மிச்சம் இருந்தது பிள்ளைகள். பதினான்கு தலையில் பதினான்கு எண்ணெய், முகத்தில் பவுடர். அவர்களை எறிய முடியாது. அதனால் விடிகாலையில் வேனில் ஏறி உட்கார்ந்து, மருந்தை நாக்கடியில் வைத்து, எல்லா ஜன்னலையும் இறக்கி, ஏர்கான் போடாமலே ஓட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகள் முனகினார்கள். மழை பெய்தால் மட்டும் ஜன்னலை ஏற்றி ஏர்கான் போடுவேன்.

மருந்து சீசாவை எங்கே வைத்தேன் என்றால், சாமி மேடையில். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் அங்கேதான் போகும். சம்பள நாளில் வீட்டுக்காரரின் பர்ஸ், மகனின் பரீட்சை நுழைவுச் சீட்டு, வேனுக்கு வருஷா வருஷம் வரும் புது ரோட் டாக்ஸ், எல்லாம் ஒரு ராத்திரி அம்மன் காலடியில் இருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். மருந்தும் அப்படிப் போனது, எடுக்க மனம் வரவில்லை. உயரமான இடம், வெயில் படாது, சுத்தமானது, வீட்டுக்காரர் கை வைக்க மாட்டார். வேறு எங்கே வைப்பது?

குறைந்தது. சத்தியமாகக் குறைந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு காலைக்கு முப்பதைத் தாண்டி இருந்த தும்மல், மூன்றாவது பக்கத்தில் பதினைந்து, அடுத்த மாதம் எட்டு, ஏழு. இடையிடையே ஒரு நாள் முப்பதுக்குப் பாயும், மறுநாள் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை பூஜ்யம், மறுநாள் சனியும் பூஜ்யம். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை நான் மேடையைக் கழுவி, விளக்கேற்றி, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவேன். மருந்தோடு அம்மனும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து எனக்குப் புல்லரித்தது. பிறகு பள்ளி விடுமுறை வந்தது. ஒரு வாரம் முழுக்கப் பூஜ்யம். நான் பீர்க்கங்காய்க் கூட்டு வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஒரு சட்டி நிறையக் கொடுத்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீளமான செய்தி போட்டேன். சீனி உருண்டை என்று சிரித்தவள்தான் இப்போது அதன் பிரச்சாரகி. என் பேச்சைக் கேட்டு இரண்டு மூன்று தாய்மார் தங்கச்சியிடம் போனார்கள். வேன் ஓட்டுகிற அந்த அம்மாவிடம், பேசியதை மறந்துவிடச் சொல்லலாமா என்று கூட யோசித்தேன்.

ஆங்கிலப் புத்தாண்டோடு ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. வெள்ளிக்கிழமை பள்ளி உண்டு, ஞாயிற்றுக்கிழமை இல்லை. பல வருஷப் பழக்கம், முதல் வெள்ளியன்று பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜனவரியில் எங்கள் பள்ளி ஆண்டு முடிகிற சமயத்தில், மருந்து தீரப் போகிறதே என்று சீசாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். கையில் ஒரு டப்பா முறுக்கும் இருந்தது.

எத்தனை உருண்டை மிச்சம் என்று பார்க்கச் சீசாவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டின் வாசனை, ஆனால் இவ்வளவு நாள் நான் கவனிக்காத வாசனை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மேடையில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். விபூதி, குங்குமம், ஊதுபத்தி, சூடம் என்று சொல்லிக்கொண்டே போனவள் நின்றேன். சூட டப்பாவுக்கும் சீசாவுக்கும் நடுவில் ஒரு விரல் கூட இடம் இல்லை. காலையும் மாலையும் அதற்கு நேரே தட்டில் சூடம் கொளுத்தியிருக்கிறேன். பற்பசையில் புதினாவைத் தேடிய எனக்கு, சாமிக்குக் காட்டுவதை வாசனைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை. சாமிக்குக் காட்டுவது சாமிக்கு. அதில் மருந்துக்கு என்ன வேலை?

பரவாயில்லை, அதுதான் நன்றாக ஆகிவிட்டதே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். எனக்கு முறுக்கையும் தேநீரையும் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் படித்தார். இடையில் பள்ளி விடுமுறை எந்த வாரம் என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அக்கா, போன வருஷம் எழுதுனதுல ஒரு வெள்ளிக்கெழம கூட தும்மல் இல்ல. இந்த ரெண்டு வெள்ளியும் இருக்கு. ஞாயித்துக்கெழம போன வருஷம் இருந்துச்சு, இப்ப இல்ல. லீவு மாறினது ஒங்க மூக்குக்கு எப்படித் தெரியும்?”

நான் நோட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். தினமும் எழுதியவள் நான்தான். அம்மன் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறிவிட்டாளா? சாம்பிராணிப் புகையில் நான் மூழ்கிக் கிடந்த வெள்ளிக்கிழமைகளில் ஒரு தும்மல் இல்லை. வேன் எடுக்காத நாளில் தும்மல் இல்லை. முப்பதுக்குப் பாய்ந்த நாட்களுக்கு நேரே பார்த்தால், எல்லாவற்றிலும் மழை என்று எழுதியிருந்தேன். ஜன்னலை ஏற்றி ஏர்கான் போட்ட நாட்கள்.

“காரணம் ஒங்க வேன்லதான் இருக்கு. ஏர்கானுக்குள்ள பூசணம் புடிச்சிருக்கும்னு நெனக்கிறேன். எங்க படிப்புப்படி சூடம் பட்ட மருந்து செத்த மருந்துக்கா. ஒங்களுக்குக் கொறஞ்சது ஜன்னலத் தெறந்து ஓட்டுனதால. என் மருந்தால இல்ல.” பிறகு, “தும்மல் எத்தன மணிக்குன்னு கேட்டேன். அந்த நேரத்துல எங்க இருப்பீங்கன்னு கேக்கல. அது என் தப்பு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்லா இருக்கிறதை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டேன். ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்களிடம் இப்போது என்ன சொல்வது என்று கேட்டேன். உன் வியாபாரத்தையே நீ கெடுத்துக்கொள்கிறாய், உனக்குப் பைத்தியமா என்றும் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்தார். மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார், வேன் ஏர்கானை எப்படிக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு தாளில் எழுதினார், இரண்டையும் நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். நான் படியில் தடதடவென்று இறங்கி வந்தேன்.

கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரச் சீனர் டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளே இருந்த கூலிங் காயிலை எடுத்து வெளியே வைத்தார். அதன் மேல் கறுப்பாக, தடிமனாக, ஈரச் சாக்கு மாதிரி ஒரு படலம். கிட்டே குனிந்தேன். இடது துவாரம் நமைத்தது. பட்டறை நடுவிலேயே பதினொரு தும்மல் தும்மினேன், வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகம் மிச்சம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே போயிருக்கும். வாசனை டப்பாவும் பாண்டான் இலையும் வைத்து வருஷக்கணக்கில் நான் மூடி மறைத்து வந்த நாற்றம் அதுதான்.

தங்கச்சி கடிதம் எழுதிய டாக்டர் என் கையில் அலர்ஜிச் சோதனைக்காக வரிசையாகக் குத்திப் பார்த்தார். பூசணத்துக்கு ஒரு தடிப்பு, வீட்டுத் தூசிக்கு ஒரு தடிப்பு. மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து கொடுத்தார், அதில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு பள்ளி விடுமுறையில் ஒரு நாள், வீட்டுக்காரரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஜன்னலையெல்லாம் ஏற்றி, ஏர்கானை முழுசாகத் திருப்பிவிட்டு, மெர்சிங் வரைக்கும் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், வேனை விட நினைத்ததையும் சேர்த்து. அவர் “என்கிட்ட சொல்லிருக்கலாம் லா” என்றார், அவ்வளவுதான். போக இரண்டு தும்மல், வர ஒன்று. அதுவும் தனித்தனியாக, மனுஷத் தும்மல்.

ஆனால் எனக்குத் தைரியம் திரும்பவில்லை. மூக்கு சரியாகிவிட்டது, மனசு சரியாகவில்லை. புதுப் பள்ளி ஆண்டுக்குப் பெற்றோர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பதில் போடாமல் இருந்தேன். கண்ணாடியைத் தட்டும் சத்தம் இன்னும் காதில் இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று தெரியும், ஆனாலும் தூங்கியது நான்தானே. என்னை நம்பி இன்னொருத்தர் பிள்ளையை ஏற்றலாமா என்று தீர்மானிக்க முடியாமல், ஒரு மத்தியானம் மேல்மாடிப் படி ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கோபத்தில் பேசியதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நடந்ததையெல்லாம் கேட்டு, நோட்டில் என்னைப் பற்றிய பக்கத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதை எட்டிப் பார்த்தேன். மலாயில் இருந்தது. குணமானது, காரணம் மருந்து அல்ல, என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். தன் நோட்டில், தன் கையால். யாரும் பார்க்கப் போகாத ஒரு பக்கம் அது. வேண்டுமென்றால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், எழுதாமலே விட்டிருக்கலாம். அவரைப் பார்த்து எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருக்கிறேன், இப்படித் தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற ஒரு கையெழுத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

அப்படியென்றால் உன் மருந்தை நீயே நம்புகிறாயா என்று கேட்டேன். நம்புவதாகத்தான் சொன்னார். மற்றவர்களுக்கு அந்த மருந்து கேட்டதைத் தான் பார்த்திருப்பதாகவும், ஆனால் என் விஷயத்தில் கேட்டது என்று சொன்னால் அது பொய் என்றும் சொன்னார். நான் அனுப்பிய தாய்மாரிடமும் இதைச் சொல்லிவிட்டாராம். அதில் ஒருவர் நின்றுவிட்டார், மற்றவர்கள் இன்னும் வருகிறார்கள். அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட ஆளிடம் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

எழுந்தபோது அவர் என்னை நிறுத்தினார். “அக்கா, எம் மகளுக்கு இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு. ஒங்க வேன்ல எடம் இருக்கா?”

என் மூக்கைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர் கேட்கிறார். பள்ளி வாசலில் நான் தூங்கியது இவருக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தேன். எல்லாம் தெரிந்தும் எப்படிக் கேட்கிறாய் என்றேன்.

“ஒங்க நோட்ட ஒரு வரி விடாம படிச்சவக்கா நான். ஓரத்துல சின்னதா எழுதியிருந்தீங்க, எத்தன தடவ வண்டிய நிறுத்துனீங்கன்னு. நான் அத எழுதச் சொல்லவே இல்ல. மூணு மாசத்துல ஒரு நாள் கூட வண்டிய நிறுத்தாமத் தும்மல. எம் பிள்ளைய வேற யார்கிட்ட குடுப்பேன்?”

அழுதேன். அடக்கவும் இல்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னார். என் வழியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆறு பத்துக்கு வருவேன், பிள்ளை சப்பாத்து போட்டு வாசலில் நிற்க வேண்டும், நான் ஹாரன் அடிக்க மாட்டேன், ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கவும் மாட்டேன் என்று சொன்னேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். படியிறங்கும்போதே வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, பதில் போடாமல் வைத்திருந்த எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வரியில் பதில் போட்டேன்: பள்ளி திறக்கிற முதல் நாளே வருகிறேன்.